எஸ்தரல்லி மேடமும் ஊதுற மெஷினும்

ஒரு கேள்விக்கு மூன்று மாதம் ‘மேடம்’ போட்டு மரியாதை கொடுத்தவன் நான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கேள்விக்குக் கிறிஸ்துமஸ் கேக்கும் வாங்கிக் கொடுத்தேன்.

ஈரோட்டிலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்த புதிது. தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு பேருந்துக் கம்பெனியின் ஷெட்டில் எனக்கு உத்தியோகம். காலையில் ஓட்டுநர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுப்பேன், மாலையில் வாங்கிப் பலகையில் மாட்டுவேன். இதற்கு ஒரு பட்டதாரி தேவையா என்று யாரும் கேட்காததால் பிழைப்பு ஓடியது. எனக்கு எதிர் மேசையில் டிரிப் ஷீட் எழுதும் பெண் ஒருவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். முதல் நாள் காலை ஒரு ஓட்டுநர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரிடம், “எஷ்டரல்லி பந்த்ரு கணோ” என்றார். வந்துவிட்டார் என்கிறார் என்பதுவரை புரிந்தது. அதற்கு மேல் அப்போது எனக்குக் கன்னடம் கிடையாது. பெயர் மட்டும் காதில் ‘எஸ்தரல்லி’ என்று விழுந்தது.

எஸ்தர் கிறிஸ்தவப் பெயர். அல்லி நம்ம ஊர்ப் பெயர். அப்பா ஒரு மதம், அம்மா ஒரு மதம், சண்டை வேண்டாமென்று ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கிறார்கள், எப்பேர்ப்பட்ட நாகரிகமான குடும்பம் என்று மனதுக்குள் ஒரு காதல் கல்யாணத்தையே நடத்தி வைத்துவிட்டேன். “குட்மார்னிங் எஸ்தரல்லி மேடம்” என்பேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “குட்மார்னிங் சார்” என்பார். டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி பிளம் கேக்கோடு போய் நின்றேன்.

“கேக்கு ஜோரா இருக்கு சார். யாருக்கு ஹுட்டுஹப்பா?” பிறந்தநாள் யாருக்கு என்கிறார்.

“கிறிஸ்துமஸ் மேடம். உங்க பண்டிகையாச்சே!”

“நம்ம மனேல சாமுண்டி படம்தானே மாட்டியிருக்கு?”

“அப்ப எஸ்தர்னு எப்படி…”

இரண்டு நொடி யோசித்தார். பிறகு கேக் கையில் இருக்கிறது என்பதையும் மறந்து மேசையில் தலை வைத்துச் சிரித்தார். டிரிப் ஷீட்டெல்லாம் கேக் தூள். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அது என் ஹெசரு இல்ல சார். அது என் கேள்வி.”

எஷ்டரல்லி என்றால் கன்னடத்தில் ‘எத்தனையில்’. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். ‘இந்த வண்டி ராசியில்லாத வண்டி, ரெண்டு தடவ இடிச்சிருச்சு’ என்றால், “எஷ்டரல்லி ரெண்டு?” ‘அந்த ஜோசியர் சொன்னது அப்படியே பலிச்சுது’ என்றால், “எஷ்டரல்லி பலிச்சுது?” ஷெட்டில் அதையே அவருக்குப் பட்டப்பெயராக்கிவிட்டார்கள். அவருடைய நிஜப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டால் எழுத விடமாட்டார். ஆகவே கேட்கவில்லை.

அவர் மைசூரிலேயே பிறந்த தமிழர். தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு. தமிழில் தொடங்கும் வாக்கியம் கன்னடத்தில் போய் முடியும். ‘இல்லையா’ என்பதற்கு ‘அல்வா’ என்பார். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் அவர் அப்படிப் பேசினால் எனக்குப் பசிக்கும்.

டிரிப் ஷீட் எழுதுவதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மற்ற ஷெட்டுகளில் ஏதாவது ஆனால்தான் எழுதுவார்கள்: டயர் பஞ்சர், கண்ணாடி உடைந்தது, ஆட்டோக்காரனோடு தகராறு. இவர் ஒன்றும் ஆகாததையும் எழுதுவார். ஒரு வண்டி போய்விட்டு முழுசாகத் திரும்பி வந்தால் அதற்கு எதிரே பச்சை மையில் ஒரு டிக். ஒவ்வொரு டிரிப்புக்கும், ஒவ்வொரு நாளும். “ஒண்ணுமே நடக்காததை எதுக்கு மேடம் எழுதணும்? மைக்குக் கேடு” என்றேன் ஒருமுறை. “நடந்ததை எல்லாரும் ஞாபகம் வெச்சுக்குவாங்க சார். நடக்காததை யாரு ஞாபகம் வெச்சுக்கறது? அதுக்குத்தான் நோட்டு” என்றார்.

எங்கள் ஷெட்டில் பதினேழாம் நம்பர் வண்டி ஒன்று இருந்தது. ராசியில்லாத வண்டி என்று பெயர் வாங்கியது. கம்பத்தில் இடிக்கும், மாட்டின் மேல் உரசும், மழையில் நிற்கும். அதன் சாவியை நான் நீட்டினால் ஓட்டுநர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். நான் என் பொறுப்பில் அதற்கு எலுமிச்சை மிளகாய் கட்டினேன். கட்டிவிட்டு இறங்கும்போது படியில் தடுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அதையும் வண்டியின் கணக்கிலேயே சேர்த்துப் பரப்பினேன். அவர் பச்சை டிக்குகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மற்ற வண்டிகள் ஒரு ஷிப்டு ஓடும்போது பதினேழு மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது. “மூணு மடங்கு ஓடுது, மூணு மடங்கு இடிக்குது. நியாயமான வண்டி சார் இது” என்றார். எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து ஜூஸ் பிழிந்தோம்.

சாமி விஷயத்திலும் விடமாட்டார். இங்கே கோயிலில் பூக் கேட்கும் வழக்கம் உண்டு. மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு அம்மன் முன்னால் நிற்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் ஆமாம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். ஈரோட்டில் மாமனார் தருகிற இடத்தில் வீடு கட்டலாமா என்று நான் போய்க் கேட்டு வந்தேன். “வலது பக்கம் விழுந்துச்சு மேடம்!” என்றேன் குதித்துக்கொண்டு.

“மொத தடவையே?”

“மொத தடவ இடது. சரியா வேண்டிக்கலையோன்னு மறுபடி கேட்டேன். அதுவும் இடது. மூணாவது…”

“அம்மா மொதல்லயே பதில் சொல்லிட்டா சார். உங்களுக்குத்தான் காது கேக்கல.”

அவர் நாத்திகர் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைத்துக்கொண்டுதான் வருவார். அம்மனை ஏமாற்றுவதுதான் அவருக்குப் பிடிக்காது.

என் மூன்றாவது பிரசவக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் என் மனைவி சொல்லிவிடுவாள். முதல் இரண்டும் பெண். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது நான் ஷெட் முழுக்க, “ரெண்டு பொண்ணாயிருச்சு, இனிமே பையன்தான், வேற வழியே இல்ல” என்று அறிவித்துக்கொண்டு திரிந்தேன். ஆண்பிள்ளைச் சட்டை நாலு வாங்கி மேசை டிராயரில் வைத்திருந்தேன். அவர் டிராயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கவா சார்? உள்ள இருக்கே கூசு, அதுக்கு முன்னாடி ரெண்டு பொண்ணு பொறந்தது அதுக்கு யாரு சொன்னாங்க?”

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சி வீட்டு விஷயத்தில் இப்படியா பேசுவது என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவருடைய கேள்வியில் அந்த ஒரு குறை உண்டு. ஆறுதலை எதிர்பார்த்துப் போனவன் கணக்கோடுதான் திரும்ப வேண்டும். மூன்றாவதும் பெண். மருத்துவமனைக்கு வந்து குழந்தையைக் கையில் வாங்கிய முதல் வெளியாள் அவர்தான். அந்த நாலு சட்டையும் வீணாகவில்லை. என் மகள் இன்றைக்கும் சட்டைதான் போடுகிறாள்.

மாரப்பன் அண்ணனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஓட்டுநர், தமிழ்நாட்டு எல்லையோரக் காட்டுப் பக்கத்து மார்டள்ளிக்காரர். தையல் ஆலைக்குப் போகும் நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் போய் வருவார். பெரிய மீசை, எப்போதும் சிவந்த கண், தொண்டையில் கரகரப்பு. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவர் என்பது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். விட்டுவிட்டதாக அவர் சொல்வார். அவர் பேத்திக்குக் காதுகுத்து என்று ஷெட்டிலிருந்து ஒரு வேன் மார்டள்ளிக்குப் போனது. சோளக்காட்டுக்கு நடுவில் பந்தல், களியும் கறிக்குழம்பும். நான் மூன்று முறை பரிமாறச் சொல்லி வாங்கினேன். அவர் குடியை விட்டாரா இல்லையா என்று அதற்கு மேல் என்னால் ஆராய்ச்சி எதுவும் செய்ய முடியவில்லை.

வந்ததே வந்தோம், பாலாறு வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று வேனை விட்டார்கள். காட்டு வழி. யானை வரும் என்று யாரோ சொன்னதிலிருந்து நான் சீட்டுக்கு அடியில் பாதி போய்விட்டேன். செக்போஸ்ட்டில் இறங்கி ஒன்றுக்குப் போகக்கூட மறுத்துவிட்டேன். அதற்கான தேவை பலமாக இருந்தும்.

“சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல யானை மிதிச்சுச் செத்தவங்க எஷ்டு ஜன?” என்றார் எஸ்தரல்லி மேடம்.

“யாரும் இல்ல.”

“ஹெல்மெட் போடாம விழுந்து செத்தவங்க?”

மூன்று பேர் உடனே நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் என் சொந்தச் சித்தப்பா. நான் தினமும் ஷெட்டுக்கு ஸ்கூட்டரில், ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வருபவன். தலைக்கு மாட்டினால் முடி கலைந்துவிடும். அந்த முடியும் இப்போது இல்லை என்பது வேறு விஷயம். மறுநாளிலிருந்து ஹெல்மெட் தலையில் ஏறியது. யானை பயமும் போகவில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறேன்.

இனி மெஷின்.

எங்கள் மேனேஜர் மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம், கண்டிப்பான மனிதர். ஊரில் எங்கோ ஒரு ஓட்டுநர் குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்த செய்தி வந்ததும் ஓட்டுநர்களுக்காக ஊதுற மெஷின் ஒன்று வாங்கினார். காலையில் ஊதிவிட்டுத்தான் சாவி. கத்தினால் வேலை போச்சு. அதோடு மற்ற கம்பெனி ஷெட்டுகளுக்கும் பெயர் போய்விடும். மைசூரில் அப்புறம் யாரும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். மெஷினைப் பிடிக்கும் பொறுப்பு சாவிக்காரனான எனக்கு. என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் அதிகாரம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டாக்டர் போல நடந்தேன். இரண்டு மாதத்தில் அது பல தடவை கத்தியது; கத்தியதையெல்லாம் பெயரோடு ரிஜிஸ்டரில் குறித்தேன். ஊதியவரைத் திரும்ப ஊதச் சொல்வேன். இரண்டாம் முறை கத்தாவிட்டால், வேண்டியவர் என்றால் விட்டுவிடுவேன். ஆள் சரியில்லை என்று எனக்குத் தோன்றினால் முதல் ஊதலை வைத்தே ‘குடித்திருந்தார்’ என்று எழுதிவிடுவேன். அப்படி மூன்று பேர் போனார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாரப்பன் அண்ணன் ஊதினார். கத்தியது.

மீசையைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். பழைய கதையை நினைத்தேன். மறுபடி ஊதச் சொல்லவே இல்லை.

“ஏனுங்க சார், நான் அதைத் தொட்டு ஏழு வருசமாச்சுங்க. பேத்தி மேல சத்தியமுங்க.”

“மெஷின் சொல்லுது அண்ணே. நான் என்ன பண்றது?”

ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு எதிரே ‘குடித்திருந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பண்டிகை முடிந்த மறுநாள் பெயர் எல்லா ஷெட்டுக்கும் போகும் என்றார் மேனேஜர்.

எதிர் மேசையிலிருந்து, “ஏன் சார், திருப்பி ஊதச் சொல்லல?” என்று கேட்டார் அவர்.

“ஆளைப் பாத்தாலே தெரியலையா மேடம்? மீசையும் கண்ணும்…”

“மீசை உங்களுக்கும்தான் இருக்கு.”

ரிஜிஸ்டரை வாங்கி அன்று மதியம் வரை புரட்டினார். பிறகு மேனேஜர் அறைக்குப் போனார். சாட்சிக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“பாரும்மா, மெஷின் நூறு தடவைக்கு ஒரு தடவைதான் தப்பும்னு விக்கறவனே எழுதிக் குடுத்திருக்கான். அப்போ மாரப்பன் குடிச்சிருக்க நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சான்ஸ். பின்னாடி நாப்பது பொண்ணுங்க உக்காந்திருக்கா. எனக்கு இதுக்கு மேல என்ன வேணும்?”

அவர் சொன்னது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. தலையைக் கூட ஆட்டினேன். எஸ்தரல்லி மேடம் சுவரில் இருந்த சாவிப் பலகையைக் காட்டினார்.

“சார், அந்தப் பலகைல நூறு சாவி. நாளைக்கு நூறு பேரு ஊதறாங்க. ஒருத்தரும் குடிக்கலைன்னே வெச்சுக்கோங்க. எஷ்டு சாவி பலகைலயே நிக்கும்?”

“ஒருத்தரும் குடிக்கலைன்னா… மெஷின் தப்பறதுக்கு ஒண்ணு.”

“அந்த ஒருத்தன் குடிச்சிருக்க சான்ஸ் எவ்வளவு சார்?”

“தொண்ணூத்தொம்…” என்று ஆரம்பித்த மேனேஜர் வாயைத் திறந்தபடியே நிறுத்தினார்.

“ஒருத்தரும் குடிக்கலைன்னு நான் மொதல்லயே சொல்லிட்டேன், அல்வா?”

எனக்கு அந்த முறை பசிக்கவில்லை. அவர் ரிஜிஸ்டரைத் திறந்தார். இரண்டு மாதமாகத் தினமும் ஒன்று, சில நாள் இரண்டு கத்தியிருக்கிறது. ஒரு ஆளுக்கு மூன்று முறை. அவன் குடித்த வாடை மெஷின் இல்லாமலே வாசலுக்கு வரும். அவன் தானாகவே நின்றுவிட்டான். மற்றபடி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர். “காலைல ஆறு மணிக்குக் குடிக்கிறவன் ஒரே நாள் குடிச்சிட்டு நிறுத்திடுவானா சார்? இது குடிக்கிறவங்க லிஸ்டு மாதிரி இல்ல. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கு. குடிக்கிறவன வண்டி ஏத்தச் சொல்லல. ஒரு தடவ கத்தினா, வாய் கொப்பளிச்சுட்டுக் கால் மணி நேரம் உக்காரட்டும், திருப்பி ஊதட்டும், அவ்வளவுதான்.”

“இதெல்லாம் கணக்கும்மா. அது சயன்ஸ்” என்று மேனேஜர் கையைக் கூப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அபூர்வமாக உதிப்பதால் சத்தமாகவே சொன்னேன்: “மாரப்பண்ணன் பேஜ் பூரா பச்சை டிக்குதானே மேடம்? வருசக் கணக்கா ஒரு கீறல் இல்ல. அதைக் காட்டியிருக்கலாமே?”

“காட்டினா, நல்ல டிரைவர்னு விட்டாங்கன்னு ஆகும். டிக்கு கம்மியா இருக்கறவன் என்ன பண்ணுவான்? ஏற்கெனவே மூணு பேரு போயிருக்காங்களே சார்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்கு ஆணியும் சுத்தியலும்கூட மாலை போட்டுக்கொள்ளும். ஷெட்டில் வண்டிகளெல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் தீற்றி வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் எல்லாரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மாரப்பன் அண்ணன் மட்டும் வாசல் கேட்டுக்கு வெளியே, தான் ஓட்டிய வண்டிக்கு யார் பூசணிக்காய் உடைக்கிறார்கள் என்று பார்த்தபடி நின்றார். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை.

ஊதுற மெஷினும் ஆயுதம்தானே என்று அதற்கும் நான் குங்குமம் வைத்து, ஒரு முழம் சேவந்திப் பூ சுற்றியிருந்தேன். எஸ்தரல்லி மேடம் அதைப் பார்த்தார். சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார்.

“சார், ஸ்ட்ரா எஷ்டு இருக்கு?”

ஆளுக்கொரு புது ஸ்ட்ரா போட்டுத்தான் ஊத வைப்போம். இருநூறுக்கு மேல் இருந்தது.

“இன்னிக்கு இங்க வந்திருக்கற பொம்பளைங்க, பசங்க, பெரியவங்க எல்லாரும் ஊதட்டும். பூஜை பண்ண மெஷினாச்சே, பிரசாதம் மாதிரி.”

நான் சந்தைக்காரன் போலக் கூவினேன். “வாங்கம்மா வாங்க! இவ்வளவு நாள் உங்க வீட்டுக்காரங்க ஊதுனாங்க, இன்னிக்கு நீங்க ஊதுங்க!” வரிசை வாழைக்கன்று தாண்டி நின்றது. முதல் ஆளாக நானே ஊதினேன். கத்தவில்லை. “பாத்தீங்களா, என் யோக்கியதைய மெஷினே ஒத்துக்குச்சு” என்றேன். “அதை மட்டும் நம்பிடுங்க” என்றார் அவர், பச்சை மையில் ஒரு டிக் போட்டபடி.

ஊதினார்கள். சிரித்துக்கொண்டே ஊதினார்கள், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஊதினார்கள், பிள்ளைகள் பீப்பீ போல ஊதினார்கள். அறுபதைத் தாண்டியபோது கேன்டீன் அக்கா ஊதினார். கத்தியது. “அய்யய்யோ, நான் பொங்கலுக்கு உப்புகூடப் பாக்கலைடா!” என்று அவர் அலற, ஷெட்டே அதிர்ந்தது. அதற்குப் பிறகு நூறைத் தாண்டியும் ஒன்றுமில்லை. ஒரு டிரைவரின் பத்து வயது மகளுக்கு மறுபடி கத்தியது. அவள் பெருமையோடு சுற்றிலும் பார்த்தாள். மேனேஜர் அறை வாசலில் நின்று சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மேனேஜரின் மனைவி முன்னால் வந்தார். மடிசார் கட்டி, பூஜைக்காக வந்தவர். விளையாட்டில் விட்டுப்போகக் கூடாது என்று ஸ்ட்ராவை வாங்கிக்கொண்டார். நான் மெஷினை இரண்டு கையாலும் பணிவாக நீட்டினேன். கத்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். என் வேண்டுதல் எந்த லட்சணத்தில் பலிக்கும் என்பதைத்தான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேனே.

கத்தியது.

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏன்னா, விரதம்னு காலம்பறலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. இது என்ன இப்படிக் கத்தறது?”

மேனேஜர் வாசல்படியிலிருந்து இறங்கி வந்தார். மெஷினை என் கையிலிருந்து வாங்கினார். சேவந்திப் பூவை விலக்கிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எஸ்தரல்லி மேடம் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பெருமை. நானாக இருந்தால் ‘இப்ப உங்க வீட்டம்மா பேரை எத்தனை ஷெட்டுக்கு அனுப்பறது சார்?’ என்று கேட்டிருப்பேன். அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் நின்றது. அவர் தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். “இருநூத்துப் பத்து பேரு சார். மூணு கத்திச்சு. அம்மாவோட சேத்து. அம்மா வாய் கொப்பளிச்சுட்டுக் கால் மணி நேரம் உக்காரட்டும். திருப்பி ஊதினா சரியாயிடும்னு நெனைக்கறேன்.”

உட்கார்ந்தார். ஊதினார். கத்தவில்லை.

மேனேஜர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு கேட்டுக்கு வெளியே பார்த்தார். கண்டிப்பான மனிதர் என்றேன். கண்டிப்பு அவருக்கு எதிராகவும் வேலை செய்யும் என்பதை அன்றுதான் கண்டேன். அங்கேயே, கூட்டத்துக்கு நடுவில், என்னிடம் சொன்னார்: “ரிஜிஸ்டர் எடும். மாரப்பன் பேருக்கு எதிர்ல எழுதினதை அடியும். அந்த மூணு பேருக்கும் போன் பண்ணி வரச் சொல்லும். இனிமே கத்தினா ரெண்டாவது தடவை, அப்புறமும் கத்தினா டாக்டர். அதுக்கப்புறம்தான் எங்கிட்ட வரணும்.”

போன் பண்ணினேன். இருவர் வேறு ஊரில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னை நன்றாகத் திட்டிவிட்டு வைத்தார். மூன்றாமவர் எடுக்கவே இல்லை. பலமுறை அடித்துப் பார்த்தேன். அதற்குப் பச்சை டிக் கிடையாது.

மாரப்பன் அண்ணனை உள்ளே அழைத்து வந்தார்கள். அவர் கையில் பூசணிக்காயைக் கொடுத்தார்கள். தன் வண்டிக்கு முன்னால் அவர் அதை ஓங்கி உடைத்ததில் ஒரு துண்டு என் வேட்டியில் வந்து ஒட்டியது. அது தற்செயல்தானா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அந்தக் காலை என்னால் மறக்க முடியாதது. அதற்குப் பிறகு எஸ்தரல்லி மேடம் ஒரு வருடம்தான் எங்களோடு இருந்தார். பெரிய கம்பெனி ஒன்றில் விபத்துகளைக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போது எதிர் மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மேனேஜர் போட்ட விதி மட்டும் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. புதிதாக வருகிற ஓட்டுநர்களிடம், அந்த விதியை எழுத வைத்தவரோடு ஆறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தவன் நான் என்று சொல்வேன். எனக்கு வேறு பட்டம் தேவையில்லை.

ஆனால் ஆயுத பூஜை அன்று, எல்லாரும் பொங்கலுக்கு வரிசையில் நின்றபோது, நான் அவரிடம் ஓடினேன். அவர் மெஷினில் அப்பியிருந்த குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மேடம், ஒரு மனுசனோட பொழப்பைக் காப்பாத்திட்டீங்க. ஊரே அவரைச் சந்தேகப்பட்டுச்சு, நான் என் கையாலயே எழுதினேன். நீங்க ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் நம்புனீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மாரப்பண்ணன் அன்னிக்குக் குடிக்கலைங்கறது உங்களுக்கு எப்படி மேடம் அவ்வளவு உறுதியாத் தெரிஞ்சுது?”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியாது சார்.”